விபத்து இடத்தில் மடக்குக் கத்தி: எங்கே வெட்டலாம், எங்கே கூடாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். "பையில் ஒரு பிச்சாத்தி (மடக்குக் கத்தி) இருக்கட்டும், ஆபத்துக்கு உதவும்" என்பது நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் காலங்காலமாகச் சொல்லிவருவது. இப்போது அதையே வாட்ஸ்அப்பில் படம் போட்டு, சீட் பெல்ட் அறுப்பதில் தொடங்கி பாம்பு கடித்த இடத்தைக் கீறுவது வரை ஒரே மூச்சில் சொல்லித் தருகிறார்கள். முன்பாதி சரி. பின்பாதி ஆளைக் கொல்லும். களியக்காவிளை முதல் ஆரல்வாய்மொழி வரையிலான சாலையானாலும், குலசேகரம், கீரிப்பாறை ரப்பர் தோட்டமானாலும், குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம், சின்னமுட்டம் கடற்கரையானாலும், 108 வந்து சேருமுன் கத்தியை எடுப்பது பக்கத்தில் நிற்கிற பொதுமக்கள்தான். அவர்களுக்காக இதைச் சற்று விரிவாக எழுதுகிறோம்.

அவசர உதவியில் கத்தி வெட்ட வேண்டியவை துணி, பெல்ட், கயிறு, வலை, அட்டைப்பெட்டி. தோலுக்குக் கீழே அதற்கு எந்த வேலையும் இல்லை. துணி வெட்டக்கூட அது இரண்டாந்தரக் கருவிதான். ஆம்புலன்ஸ் ஊழியர்கள் இடுப்பில் செருகியிருப்பதைக் கவனித்துப் பாருங்கள்: பிளாஸ்டிக் பிடி, வளைந்த கழுத்து, ஏழரை அங்குல நீளம், கீழ் அலகின் நுனியில் தட்டையான உருண்டை. இதுதான் முனை மழுங்கிய கத்தரி. அந்த உருண்டை தோலின் மேல் வழுக்கிக்கொண்டு போகும், குத்தாது. ஜீன்ஸ், தோல் பெல்ட், சீட் பெல்ட், ஷூ எல்லாவற்றையும் வெட்டும். ரத்தத்தில் நனைந்த கையிலும் பிடி நழுவாது. கத்தி அப்படியில்லை. இழுத்துப் பிடித்த துணி அறுபடும் நொடியில் தடை சட்டென்று அற்றுப்போவதால், கையில் இருந்த விசை முழுவதும் கத்தியை முன்னே பாய வைக்கும். பாயும் இடத்தில் இருப்பது காயம்பட்டவரின் வயிறாக இருக்கும், அல்லது எதிரே தலையைப் பிடித்துக்கொண்டிருப்பவரின் மணிக்கட்டாக இருக்கும். பூட்டு இல்லாத மடக்குக் கத்தியில் இன்னொரு ஆபத்து: நுனியை அழுத்தினால் அலகு பின்பக்கமாக மடங்கி, பிடித்திருப்பவரின் விரலையே வெட்டும். உதவப் போனவர் விரலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால், அங்கே காயம்பட்டவர் இரண்டு பேர் ஆகிவிடுகிறார்கள்.

கத்தரி இல்லை, கத்திதான் இருக்கிறது என்றால் வெட்டும் முறை இது. வெட்டப் போவதை வாய்விட்டுச் சொல்லுங்கள். சுயநினைவு இருப்பவர் திடுக்கிட்டு அசைந்தால் வெட்டு அவர்மேல் விழும். துணியைக் கிள்ளித் தூக்கி, அதற்கும் தோலுக்கும் நடுவே தட்டையான ஏதாவது ஒன்றைச் செருகுங்கள். கரண்டிக் காம்பு போதும், இரண்டு மூன்று ஏடிஎம் அட்டைகளைச் சேர்த்துப் பிடித்தாலும் போதும். உங்கள் விரலைச் செருகாதீர்கள். கூர்ப்பக்கம் மேலே, துணியைப் பார்த்து இருக்க வேண்டும். நுனி நோயாளியின் முகத்தையும் தொடை இடுக்கையும் விட்டு விலகியிருக்க வேண்டும். ரம்பம் போல முன்னும் பின்னும் அறுக்காமல், சிறு சிறு இழுப்பாக வெளிப்பக்கம் இழுங்கள். பேண்டை கணுக்காலில் தொடங்கி வெளிப்பக்கமாக இடுப்பு வரை வெட்டலாம். தையலின் மேல் போகாதீர்கள்; ஜீன்ஸின் தையலில் துணி பல மடிப்பாக இருப்பதால் அலகு அங்கே சிக்கி, பிறகு துள்ளும். தையலுக்கு இரண்டு சென்டிமீட்டர் தள்ளி வெட்டினால் ஓடும். சட்டையைக் கீழ் ஓரத்தில் தொடங்கிக் கழுத்து நோக்கி வெட்டலாம், ஆனால் காலருக்கு ஒரு சாண் முன்பே கத்தியை நிறுத்திவிட்டு மிச்சத்தைக் கையால் கிழித்துவிடுங்கள். கத்திக்குத்து காயம் என்றால் துணியில் விழுந்த ஓட்டையின் ஊடாக வெட்டாதீர்கள், சுற்றி வெட்டுங்கள். அது காவல்துறைக்குத் தேவைப்படும் சான்று. உடம்பில் குத்தி நிற்கும் கம்பியையோ கண்ணாடியையோ பிடுங்காதீர்கள். அதைச் சுற்றித் துணியை வெட்டி விலக்கி, இருபுறமும் துணிச் சுருள் வைத்து அசையாமல் கட்டுவதோடு சரி.

எல்லாத் துணியையும் வெட்ட வேண்டியதும் இல்லை. கை முறிந்தவருக்கு முதலில் நல்ல கையிலிருந்து சட்டையைக் கழற்றி, பிறகு அடிபட்ட கையிலிருந்து உருவினால் கத்தியே வேண்டாம். தீக்காயத்தில் உருகிய பாலியெஸ்டர் நைட்டி தோலோடு ஒட்டியிருந்தால், ஒட்டிய இடத்தை அப்படியே விட்டுச் சுற்றிலும் உள்ளதை மட்டும் வெட்டி எடுங்கள். 20 நிமிடம் ஓடும் குழாய்த் தண்ணீர் காட்டுவதுதான் அங்கே முதல் வேலை.

நம் ஊர் சாலைகளுக்கே உரிய விபத்து ஒன்று உண்டு. பைக்கின் பின்னால் ஒருபக்கமாக உட்கார்ந்து வருபவரின் சேலை முந்தானையோ துப்பட்டாவோ சக்கரத்தில் சுற்றிக்கொள்ளும். மோட்டார் சைக்கிளின் பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மூடும் காப்பு இருக்க வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதி 123 சொல்கிறது. அழகுக்காக அதைக் கழற்றிப் போட்டுவிடுகிறார்கள். துணி கழுத்தை இறுக்கும்போது கூடிநிற்பவர்களின் கை தானாகக் கழுத்தை நோக்கித்தான் போகும். கத்தி அங்கே போகக் கூடாது. இழுவை இருப்பது கழுத்துக்கும் சக்கரத்துக்கும் நடுவே விறைத்து நிற்கும் துணியில். அதைச் சக்கரத்தின் பக்கமாக, கழுத்திலிருந்து குறைந்தது ஒரு சாண் தள்ளி வெட்டினால் இறுக்கம் அந்த நொடியே தளரும். கழுத்தில் சுற்றியதை விரலாலேயே பிரித்துவிடலாம். ஆனால் வெட்டுமுன் இரண்டு காரியம் முடிந்திருக்க வேண்டும். சாவியைத் திருப்பி இன்ஜினை நிறுத்த வேண்டும். ஒருவர் தலையையும் கழுத்தையும், இன்னொருவர் உடம்பையும் தாங்கிக்கொள்ள வேண்டும், ஏனென்றால் அவரைக் கீழே விழாமல் பிடித்திருப்பதே அந்தத் துணியாக இருக்கலாம். கத்தி எதுவும் இல்லையென்றால் கியரை நியூட்ரலில் போட்டு வண்டியைப் பின்னுக்கு உருட்டுங்கள்; சுற்றிய துணி வந்த வழியே பிரியும். தாலிச் சரடையோ சங்கிலியையோ வெட்ட வேண்டிய தேவை பெரும்பாலும் வராது. ஒதுக்கி வைத்தாலே போதும்.

படகிலும் இதே கணக்குதான். வலை இறக்கும்போது கயிறு காலில் சுற்றி ஆளைக் கடலுக்குள் இழுத்தால், காலுக்கும் கடலுக்கும் நடுவே வெட்ட வேண்டும். காலுக்கும் படகுக்கும் நடுவே வெட்டினால் ஆள் கயிற்றோடு போய்விடுவார். கயிறு இழுக்கும் வின்ச் இயந்திரம் ஓடினால் முதலில் அதை நிறுத்துங்கள். விறைத்த கயிறு அறுபட்டதும் சவுக்கு போலத் திரும்பி அடிக்கும் என்பதால் அதன் நேர்க்கோட்டில் யாரும் நிற்கக் கூடாது. இந்த வேலைக்கு மடக்குக் கத்தி உதவாது. ஈரக் கையில், ஒற்றைக் கையால், ஆடும் படகில் அதைத் திறக்க முடியாது. மடங்காத, நுனி மழுங்கிய, பல் வைத்த அலகுள்ள கத்தியை உறையில் போட்டு, அணியத்தில் (படகின் முன்பக்கம்) ஒன்றும் பின்பக்கம் ஒன்றுமாகக் கயிற்றில் கட்டிவையுங்கள். நைலான் கயிற்றில் பல் இல்லாத அலகு வழுக்கும். பல் அலகு கவ்விப் பிடிக்கும்.

சீட் பெல்ட்டுக்கு வருவோம். முதலில் சிவப்புப் பொத்தானை அழுத்துங்கள். திறக்கவில்லை என்றால் பெரும்பாலும் காரணம் ஆளின் எடை பெல்ட்டில் தொங்குவதுதான். அவரது உடம்பைத் தாங்கி எடையைக் குறைத்துவிட்டு மறுபடி அழுத்துங்கள். அதற்கும் திறக்காதபோதுதான் வெட்டு. பெல்ட்டின் அகலம் ஐந்து சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. குறுக்கே நேராக வெட்டுவதைவிடச் சாய்வாக இழுத்தால் எளிதில் அறுபடும். பெல்ட்டின் தோள் பகுதியை மட்டுமே வெட்டினால் இடுப்புப் பட்டை பல சமயம் பூட்டுக்குள் செருகும் உலோக நாக்கில் சிக்கி அப்படியே நிற்கும், ஆகவே இரண்டையும் வெட்டத் தயாராக இருங்கள். கழுத்தருகே வெட்டாமல், தோளுக்கு மேலே கதவுத் தூணை நோக்கிப் போகும் பகுதியில் வெட்டுங்கள். தூணுக்குள்ளோ, அதன் அடியிலோ கத்தியை நுழைக்காதீர்கள். பெல்ட்டை இறுக்கும் வெடிப் பொறி பல கார்களில் அங்கேதான் இருக்கிறது. விரியாத ஏர்பேக்குக்கும் உங்கள் முகத்துக்கும் நடுவே இடைவெளி இருக்கட்டும். கார் தலைகீழாகக் கிடந்தால் அவசரப்பட்டு வெட்டாதீர்கள். இரண்டு பேர் தோள் கொடுத்துத் தாங்கிய பிறகு பெல்ட்டின் தோள் பகுதியை முதலிலும், இடுப்புப் பட்டையைக் கடைசியிலும் வெட்டுங்கள். இல்லாவிட்டால் அவர் தலைகுப்புற விழுந்து, இதுவரை முறியாத கழுத்து அப்போது முறியும்.

கத்தி நுனியால் கார்க் கண்ணாடியை உடைக்கப் பார்த்து உள்ளங்கையைக் கிழித்துக்கொள்கிறார்கள். முன்கண்ணாடி நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டியது, குத்தினால் விரிசல் விடுமே தவிரத் திறக்காது. பக்கக் கண்ணாடி பல கார்களில் பதப்படுத்தியது. அதற்குக் கடினமான கூர்முனையோடு ஸ்பிரிங் வைத்த சிறு கருவி வேண்டும், அதைக் கண்ணாடியின் மூலையில் வைத்து அழுத்த வேண்டும். பெல்ட் அறுக்கும் கொக்கி அலகும் இந்த முனையும் சேர்ந்தே ஒரு கருவியாகக் கடையில் கிடைக்கின்றன. அதை டேஷ்போர்டு பெட்டிக்குள் வைத்தால் பயனில்லை. பெல்ட் போட்டு உட்கார்ந்த நிலையிலேயே ஓட்டுநரின் கை எட்டும் இடத்தில் கட்டி வையுங்கள்.

கத்தியால் ஒரு நல்ல காரியமும் செய்யலாம்: கட்டுத்துணி. நாலு முழ வேட்டியின் ஓரத்தில் இரண்டு சென்டிமீட்டர் கீறிவிட்டுக் கையால் கிழித்தால் நூல் போன போக்கில் நேராகக் கிழியும். ஏறக்குறைய ஒரு மீட்டர் சதுரமாகக் கிழித்து, மூலைக்கு மூலை மடித்து, மடிப்பில் வெட்டினால் இரண்டு முக்கோணக் கட்டு. முறிந்த கையைக் கழுத்தில் தூக்கிக் கட்ட ஒன்று போதும். மூலைவாட்டில் கிழிக்க முயலாதீர்கள், பருத்தி அப்படிக் கிழியாது. பாலியெஸ்டர் கலந்தது எந்தப் பக்கமும் ஒழுங்காகக் கிழியாது. அட்டைப்பெட்டியை முழங்கைக்கு மேலிருந்து விரல் நுனி வரை அளந்து வெட்டி வளைத்தால் நல்ல சிம்பு (முறிந்த கை அசையாமல் வைத்துக் கட்டும் பட்டை). தென்னை மட்டையையும் சீவிக்கொள்ளலாம், உள்ளே துணி வைத்துக் கட்ட வேண்டும்.

இனி, கத்தியை எடுக்கவே கூடாத இடங்கள்.

முதலாவது பாம்புக்கடி. விடியுமுன் நெற்றி விளக்கோடு ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகிறவர்களின் கையில் ஏற்கெனவே கூரிய கத்தி இருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறோம். கடித்த இடத்தைக் கீறினால் விஷம் வெளியே வராது. பல் இறங்கிய ஆழத்திலிருந்து அது உடனே பரவத் தொடங்கிவிடும். கண்ணாடி விரியன் விஷம் ரத்தத்தின் உறையும் தன்மையையே கெடுப்பதால், ஒரு சென்டிமீட்டர் கீறல்கூட மணிக்கணக்கில் நிற்காமல் கசியும். விரலிலும் கணுக்காலிலும் தோலுக்கு அடியிலேயே நரம்பும் தசைநாரும் ஓடுகின்றன. கடியிலிருந்து பிழைத்தவர் கீறியவரால் விரல் முடங்கி வாழ்வார். கடித்த கைகாலை அசையாமல் சிம்பு வைத்துக் கட்டி, மோதிரம், வளையல், கொலுசு எல்லாவற்றையும் வீங்குமுன் கழற்றி, நடக்க விடாமல் தூக்கிச் செல்லுங்கள்.

இதில் பலர் அறியாத ஒன்று. பக்கத்தில் இருந்தவர்கள் ஏற்கெனவே கயிறு போட்டு இறுக்கிக் கட்டியிருந்தால், வழியில் அதைக் கத்தியால் டக்கென்று அறுக்காதீர்கள். தேங்கி நின்ற விஷம் ஒரே நேரத்தில் உடம்பில் ஏறினால் மூச்சு நின்றுவிடலாம். நல்ல பாம்பும் கட்டு விரியனும் கடித்தவர்களுக்கு இந்த ஆபத்து அதிகம். கட்டிய நேரத்தைக் குறித்துக்கொண்டு, மருத்துவர் முன்னிலையில், மருந்தும் மூச்சுக் கருவியும் தயாராக இருக்கும்போது அவிழ்க்க விடுங்கள். புதிதாகக் கட்டும் போடாதீர்கள். மருத்துவமனையில் இரண்டு மில்லி ரத்தத்தைச் சுத்தமான கண்ணாடிக் குழாயில் 20 நிமிடம் அசையாமல் வைத்து உறைகிறதா என்று பார்ப்பார்கள். விஷம் ஏறிய அறிகுறி இருந்தால் விஷமுறிவு மருந்து பொதுவாகப் பத்துக் குப்பியில் தொடங்கும். அந்த மருந்து நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்குத்தான். நம் மலையோரத் தோட்டங்களில் சருகுக்குள் கிடக்கும், மூக்கு நுனி தூக்கினாற்போன்ற சிறு குழிவிரியனுக்கு அது வேலை செய்யாது. அதன் கடியில் சிறுநீரகம் பாதிக்கப்படலாம். ஆகவே 'சின்னப் பாம்புதானே' என்று வீட்டில் இருக்காதீர்கள். பாம்பைத் தேடிப் பிடிக்கவும் வேண்டாம், தள்ளி நின்று படம் எடுக்க முடிந்தால் போதும்.

அடுத்தது தொண்டை அடைப்பு. கழுத்தில் ஓட்டை போட்டுப் பேனாக் குழாயைச் செருகும் காட்சியை சினிமாவில் பார்த்தவர்கள் அதை நம்பிவிடுகிறார்கள். மருத்துவர்கள் வெட்டுவது கழுத்தின் முன்பக்கம் உள்ள ஒரு சவ்வை; அது பெரியவர்களுக்கே ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் உயரந்தான். சற்று விலகினால் தைராய்டும் ரத்தக் குழாய்களும். பேனாக் குழாய் வழியே போதிய காற்றும் போகாது. முன்னே குனிய வைத்துத் தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே உள்ளங்கையால் ஐந்து தட்டு, பிறகு தொப்புளுக்கு மேலே ஐந்து அமுக்கு. கர்ப்பிணிக்கும் கைக்குழந்தைக்கும் வயிற்றை விட்டு நெஞ்சில். நினைவு தப்பினால் நெஞ்சை அமுக்கும் முதலுதவி, நிமிடத்துக்கு 100 முதல் 120 வரை. இவற்றில் எதற்கும் கத்தி வேண்டாம்.

பேச்சிப்பாறைக்கு மேலே உள்ள குடியிருப்புகளில் வண்டி வருமுன் பிரசவம் ஆகிவிடுவது உண்டு. தொப்புள்கொடியை வெட்ட அவசரமே இல்லை. குழந்தையைத் துடைத்து, தாயின் வெற்று நெஞ்சின் மேல் போட்டு, இருவரையும் சேர்த்துப் போர்த்துங்கள். கொடி அப்படியே இருக்கட்டும். நஞ்சுக்கொடி வெளியே வந்தால் அதையும் சுத்தமான துணியில் சுற்றிக் குழந்தையின் பக்கத்திலேயே வையுங்கள். 108 வண்டியில் கிளிப்பும் கிருமி நீக்கிய அலகும் இருக்கின்றன. கத்தியைக் கொதிக்க வைத்தால் போதாதா என்று கேட்பார்கள். டெட்டனஸ் கிருமியின் வித்துகள் மண்ணிலும் சாணத்திலும் இருப்பவை, வெறும் கொதிநீருக்குச் சாகும் என்று நம்ப முடியாது. அவற்றைக் கொல்ல அழுத்தக் கலத்தில் 121 டிகிரி வெப்பம் வேண்டும். நெருப்பில் காட்டினால் கரி படியும், அலகின் பதம் போகும், கீலுக்குள் இருக்கும் அழுக்கு அங்கேயே இருக்கும். பச்சிளங்குழந்தை டெட்டனஸை ஒழித்துவிட்ட நாடு என்று இந்தியா 2015ல் அறிவிக்கப்பட்டது. அந்த நோயை ஒரு பிச்சாத்தி வழியாகத் திரும்ப அழைக்க வேண்டாம்.

திருக்கை முள் குத்தினாலும் கீறாதீர்கள். கைகாலில் குத்தியிருந்தால் கை பொறுக்கும் சூட்டில், 45 டிகிரிக்கு மேற்படாத வெந்நீரில் அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் வைத்தால் வலி தணியும். சூட்டை அடிபடாத கையால் சோதியுங்கள், குத்துப்பட்ட கைக்கு உணர்வு சரியாக இருக்காது. நெஞ்சிலோ வயிற்றிலோ முள் நின்றால் பிடுங்காமல் கொண்டுபோங்கள். மீன் அறுத்த கத்தியில் உள்ள கிருமிகள் ஆழமான காயத்தில் நுழைந்தால் கையையே எடுக்க வேண்டிவரலாம்.

கத்தியைப் பராமரிப்பது பற்றிக் கொஞ்சம். ரத்தம் பட்டால் கையுறையோடு முதலில் குளிர்ந்த நீரிலும் சோப்பிலும் கழுவுங்கள். வெந்நீர் ரத்தத்தைக் கெட்டியாக்கி ஒட்ட வைத்துவிடும். எல்லா அலகையும் திறந்து, கீலைப் பழைய பல்துலக்கியால் தேய்த்து, அரை சதவீத குளோரின் கரைசலில் 10 நிமிடம் வைத்து, உடனே நல்ல தண்ணீரில் அலசித் துடையுங்கள். அதற்கு மேல் ஊறினால் எஃகு அரிக்கும். கடற்கரையில் உள்ளவர்கள் உப்புக் காற்று பட்ட கத்தியை நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து, தையல் மெஷின் எண்ணெய் ஒரு துளி விட வேண்டும். தேங்காய் எண்ணெய் நாளடைவில் பிசுக்காகிக் கீலை ஒட்டிவிடும், அவசரத்தில் திறக்காது.

வாங்குவதாக இருந்தால் ஏழெட்டு சென்டிமீட்டர் அலகு, உறுதியான பூட்டு, மழுங்கிய நுனி இவை போதும். பொத்தானை அழுத்தினால் பாய்ந்து திறக்கும் வகை வேண்டவே வேண்டாம். 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகள் ஒன்பது அங்குலத்துக்கு மேல் நீளமோ இரண்டு அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகளை, வீட்டு, விவசாய, தொழில் பயன்பாட்டுக்கானவை நீங்கலாக, ஆயுதங்களோடு சேர்க்கின்றன. உதவப் போனால் போலீஸ், கோர்ட் என்று அலைய வேண்டிவருமோ என்று ஒதுங்குபவர்களுக்கும் ஒரு வார்த்தை: நல்லெண்ணத்தோடு விபத்தில் உதவுபவரைக் காக்கும் 134ஏ பிரிவு, 2019 திருத்தத்தின் மூலம் மோட்டார் வாகனச் சட்டத்தில் இருக்கிறது.

எங்கள் வேண்டுகோள் மூன்று. மாவட்டத்தின் ஒவ்வொரு ஆட்டோ நிறுத்தத்திலும், தனியார் பேருந்திலும், டெம்போவிலும் முனை மழுங்கிய கத்தரி ஒன்று முதலுதவிப் பெட்டிக்குள் போடப்பட வேண்டும். அது மருத்துவக் கருவிக் கடையில் கிடைக்கும், நல்ல மடக்குக் கத்தியின் விலைகூட ஆகாது. ரப்பர் தோட்ட நிர்வாகங்கள் பால் வெட்டுத் தொழிலாளர்கள் கூடும் கொட்டகையில், 'கீறாதே, கட்டாதே, கட்டியதை வழியில் அறுக்காதே' என்று பெரிய எழுத்தில் எழுதி, கீழே 108 என்ற எண்ணையும் பக்கத்தில் விஷமுறிவு மருந்து உள்ள மருத்துவமனையின் பெயரையும் போட வேண்டும். மீன்வளத் துறை படகுகளைச் சோதிக்கும்போது உயிர்காப்பு அங்கியோடு சேர்த்து உறைக்கத்தியையும் பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
முதலுதவிப் பயிற்சியாளர்கள்,
நாகர்கோவில்